மழைக்கு அப்புறம் வளவைச் சுற்றிக் கொசுப்புழு தேடுவது எப்படி

ஐப்பசி மழை விட்டு நாலைந்து நாளில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றுங்கள். சாக்கடையை அப்புறம் பார்க்கலாம், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேடி வருவது பாத்திரத்தில் நிற்கும் தெளிந்த தண்ணீரைத்தான்.

செட்டிநாட்டில் முன்பெல்லாம் ஊருணித் தண்ணீர். அதில் மீன் கிடந்தது, கொசுப்புழுவைத் தின்றது. வரத்துக்கால் தூர்ந்து, சீமைக்கருவேலம் மண்டி, தண்ணீர் குழாயிலும் லாரியிலும் வர ஆரம்பித்ததும் வீட்டுக்கு வீடு நீல டிரம் வந்துவிட்டது, டிரம்மில் மீன் ஏது? போதாததற்கு வெயிலும் கூடிவிட்டது. கொசுவின் உடம்பில் டெங்கு வைரஸ் முற்றி அடுத்தவருக்குத் தொற்றச் சாதாரணமாக 8 முதல் 12 நாள் ஆகும், சூடு கூடினால் அதுவும் குறையும்.

சரி, எங்கே பார்ப்பது? முற்றத்தில் மழைத்தண்ணீர் பிடிக்க வைத்த அண்டா, கிடாரம், கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல் குழி, மொட்டைமாடித் தொட்டி, ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு. டார்ச் அடித்தால் புழு நெளிந்துகொண்டே கீழே இறங்கும்.

பெரும்பாலானவர்கள் தப்பு செய்வது இதற்கப்புறம்தான். தண்ணீரைக் கொட்டிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். முட்டை ஒட்டியிருப்பது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் தேங்காய் நாரால் உள்பக்கம் முழுக்க அழுத்தித் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால் வாரம் தவறாமல் செய்ய வேண்டும். டிரம்மைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள், சும்மா மூடி வைத்தால் இடுக்கில் புகுந்துவிடும்.

கிணறு இருந்தால் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடுங்கள்.

இவ்வளவு செய்தும் கொசு பகலில் கடித்தால் பக்கத்துப் பூட்டிய வீட்டைப் பாருங்கள், இந்தக் கொசு சில நூறு மீட்டருக்கு மேல் பெரும்பாலும் பறக்காது. கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் மட்டும் திறக்கிற வீடு என்றால் சாவி ஊரில் யாரோ ஒருவரிடம் இருக்கும். அவரையும் கூட்டிக்கொண்டு முதலில் முற்றத்துக்குப் போங்கள்.