முற்றத்தில் சிந்தாமல் மோட்டார் சைக்கிள் ஒயில் மாற்றுவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் கராஜ் தொலைவில் உள்ள கிராமங்களில் பலர் தமது மோட்டார் சைக்கிளுக்குத் தாமே எஞ்சின் ஒயில் மாற்றிக்கொள்கிறார்கள். வேலை கடினமானதல்ல. ஆனால் எஞ்சினுக்குள் இருந்து வரும் ஏறக்குறைய ஒரு லீற்றர் கறுத்த ஒயிலில் எவ்வளவு பாத்திரத்துக்குள் விழும், எவ்வளவு நிலத்துக்குள் போகும் என்பது, ஒயில் நட்டில் ஸ்பானரை வைப்பதற்கு முன்பே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது.

முதல் தவறு இடத்தைத் தெரிவதில் நிகழ்கிறது. கழுவுவதற்குத் தண்ணீர் வசதியாக இருக்கும் என்று கிணற்றடியிலேயே வண்டியை நிறுத்தி ஒயிலைக் கழற்றுவோர் இருக்கிறார்கள். இதைவிடப் பிழையான இடம் ஒரு வளவுக்குள் கிடையாது. வன்னிப் பெருநிலப்பரப்பின் பெரும்பகுதியில் கடும்பாறைக்கு மேலுள்ள சிதைந்த மண்படையில் தேங்கும் ஆழமற்ற நீரே கிணறுகளில் ஊறுகிறது. முல்லைத்தீவுக் கரையோரத்தில் மணலுக்குச் சற்றுக் கீழேயே தண்ணீர் நிற்கிறது. மேலே ஊற்றப்படுவது கீழே போக அதிக காலம் எடுக்காது. ஒரு லீற்றர் பழைய ஒயில் பத்து இலட்சம் லீற்றர் நன்னீரைப் பழுதாக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் நெடுங்காலமாக எச்சரித்து வருகிறது. வடக்கில் வாழும் நமக்கு இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. சுன்னாகத்தில் அனல் மின் நிலையத்தின் கழிவு ஒயில் சுற்றுவட்டாரக் கிணறுகளைப் பாதித்த வழக்கில், மின் உற்பத்தி செய்த நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு உத்தரவிட்டது. அங்கே கலந்த அளவுக்கும் ஒரு வண்டியின் ஒயிலுக்கும் ஒப்பீடே இல்லைதான். ஆயினும் ஒரு கிராமத்தின் அத்தனை வண்டிகளும் வருடத்தில் பலமுறை ஒயில் மாற்றுகின்றன என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே கிணற்றிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் இயன்றவரை விலகிய, சமமான, கெட்டியான தரையைத் தெரிவு செய்யுங்கள். சீமெந்துத் தரை இருந்தால் நல்லது. மணல் முற்றம் மட்டுமே இருந்தால், நடு ஸ்டாண்டின் கீழ் ஒரு தடித்த பலகையை வைத்த பிறகே வண்டியை ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒயில் வடிந்துகொண்டிருக்கும்போதே ஒரு கால் மணலுக்குள் இறங்கி, வண்டி சரிந்து, பாத்திரமும் கவிழ்ந்துவிடும். பலகையைச் சுற்றிக் காட்போட் மட்டையையோ பழைய உரச் சாக்கையோ விரித்துவிடுவது நல்லது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் காலையிலேயே இந்த வேலையை முடித்துக்கொள்வது சிறந்தது. பிற்பகல் காற்று, ஒயில் நூலாக ஒழுகத் தொடங்கும் நேரத்தில் அதைப் பாத்திரத்துக்கு வெளியே தள்ளிவிடும். திறந்து கிடக்கும் ஒயில் வாய்க்குள் கிரவல் தூசியையும் கொண்டுவந்து சேர்க்கும்.

அடுத்தது சூடு. குளிர்ந்த எஞ்சினிலிருந்து ஒயில் தடித்து, மெதுவாக, எஞ்சினின் அடிப்புறத்தைத் தடவிக்கொண்டு வடியும். அழுக்கிலும் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும். நீண்ட ஓட்டத்திலிருந்து வந்த உடனே கழற்றினாலோ ஒயில் கையைச் சுடும், சுட்ட கை நட்டையும் பாத்திரத்தையும் சேர்த்துத் தவறவிடும். மூன்று நான்கு நிமிடங்கள் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, சற்றுப் பொறுத்துத் தொடங்கினால் போதும்.

பாத்திரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் சிந்துவதில் பெரும்பங்கு இதனால்தான். சமையலறையில் ஒதுக்கிய தாச்சியோ வாளியோ இந்த வேலைக்குப் பொருந்தாது: ஒன்று மிக அகலமாக இருந்து, தூக்கும்போது அலம்பும், மற்றது வண்டிக்கு அடியில் நுழையாத உயரம். 4 லீற்றர் பிளாஸ்டிக் ஒயில் கான் ஒன்றைப் படுக்க வைத்து, மேலே வரும் அகன்ற பக்கத்தில் மட்டும், ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட்டு ஒரு சதுரத்தை வெட்டி எடுங்கள். மூடி மூடியபடியே இருக்கட்டும். இப்போது உங்களிடம் உயரம் குறைந்த, விளிம்பு உள்ள ஒரு தட்டு இருக்கிறது. வேலை முடிந்ததும் அதன் வாய்ப்பக்கத்தை மெதுவாகச் சற்றே உயர்த்தி, மூடியைத் திறந்து, கானின் வாய் வழியாகவே வேறொரு போத்தலுக்குள் புனல் வைத்து ஊற்றலாம். கடையில் விற்கும் எந்தத் தட்டையும்விட இது நன்றாக வேலை செய்யும் என்பது என் கருத்து.

அதை வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். ஒயில் நட் நேரே கீழ்நோக்கி இருக்கும் எஞ்சின்களில் சிக்கல் குறைவு. பக்கவாட்டில் இருந்தால், ஒயில் முதலில் எட்டிப் பாயும். அழுத்தம் குறையக் குறைய உள்ளிழுத்துக்கொண்டு எஞ்சினோடு ஒட்டி ஒழுகும். எனவே பாத்திரத்தைத் தொடக்கத்தில் சற்று வெளியேயும் பின்னர் உள்ளேயும் நகர்த்த வேண்டும். சைலன்சர் குழாயோ ஸ்டாண்டின் கம்பியோ குறுக்கே இருந்தால், தண்ணீர்ப் போத்தலொன்றை நீளவாக்கில் பிளந்து பீலிபோல நட்டின் கீழ் பிடிக்கலாம். சைலன்சரில் ஒயில் படிந்தால் அடுத்த ஓட்டத்தில் புகைந்து மணக்கும்.

வண்டிக்குக் கீழே குனிந்து மேல்நோக்கிப் பார்க்கும்போது, கழற்றும் திசை பலருக்குத் தலைகீழாகிவிடுகிறது. நட்டின் தலையை நேருக்கு நேர் பார்ப்பதாகக் கொண்டு இடஞ்சுழியாகத் திருப்புவதே கழற்றும் திசை. குழம்பிப்போய் மறுபக்கமாகப் பலங்கொண்டு இறுக்கினால் அலுமினிய உடலின் மரை சிதைந்துவிடும், பிறகு எந்த வாஷர் போட்டாலும் ஒழுக்கு நிற்காது. இறுக்கம் தளர்ந்ததும் ஸ்பானரை விட்டு, கையுறை அணிந்த கையால் நட்டை எஞ்சினை நோக்கி மெல்ல அழுத்தியபடி சுழற்றுங்கள். கடைசி மரை விடுபட்டது விரலுக்குத் தெரிந்தவுடன் ஒரே அசைவில் விலக்கிவிடுங்கள். சில மொடல்களில் நட்டுக்குப் பதிலாகப் பெரிய மூடியும் அதற்குள் ஸ்பிரிங்கும் கம்பி வலையும் இருக்கும். அதை அழுத்திப் பிடிக்காமல் திறந்தால் ஸ்பிரிங் துள்ளி ஒயிலுக்குள் விழும், ஒயிலும் நாலா பக்கமும் தெறிக்கும். வலையைக் கழுவி, அதன் ரப்பர் வளையத்தையும் பார்த்த பின்னரே திரும்பப் பூட்ட வேண்டும்.

வடியும் ஒயிலை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மாரி காலத்தில் சப்பாத்துப் பாலங்களைத் தண்ணீரோடு கடந்து திரிந்த வண்டியில் அது பால் கலந்த தேநீரின் நிறத்தில் வந்தால், உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அப்படியானால் புதிய ஒயிலையும் சில நாள் ஓட்டத்துக்குப் பின் மீண்டும் மாற்ற வேண்டிவரும்.

திரும்பப் பூட்டும்போது நிகழும் தவறுகள் இரண்டு. பழைய வாஷர் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணாமல் அதன்மேல் புதியதைப் போடுவது ஒன்று. ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் ஸ்பானரின் நுனியில் காலை வைத்து மிதிப்பது மற்றொன்று. பல சிறிய எஞ்சின்களுக்கு 20 முதல் 30 நியூட்டன் மீற்றர் இறுக்கமே போதுமானது. சிறிய ஸ்பானரை ஒரு கையால் பிடித்து, வாஷர் நசுங்கி உட்காரும் வரை இறுக்கினால் ஏறத்தாழ அந்த அளவு வந்துவிடும்.

புதிய ஒயில் விடயத்தில் கார் ஒயிலை ஊற்றுவது பெருந்தவறு. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்சும் கியரும் அதே ஒயிலில்தான் நனைகின்றன. உராய்வைக் குறைக்கும் இரசாயனம் சேர்த்த கார் ஒயில் கிளட்சை வழுக்கச் செய்யலாம். கானில், ஒயிலில் நனையும் கிளட்சுக்குப் பொருந்தும் என்பதைக் காட்டும் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (JASO MA, MA2) என்ற குறியும், உங்கள் கையேடு சொல்லும் தடிப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஊற்றும்போது கானின் வாய் மேற்பக்கமாக வரும்படி சரித்துப் பிடித்தால் காற்று உள்ளே புகுந்து, குபுக் குபுக்கென்று தெறிக்காமல் சீராக இறங்கும். ஒரு லீற்றர் கான் வாங்கியதற்காக முழுவதையும் ஊற்றிவிடக்கூடாது. 800, 900 மில்லிலீற்றர் போதுமான எஞ்சின்களும் உண்டு, 1 லீற்றருக்கு மேல் கேட்பவையும் உண்டு. அளவு மிஞ்சினால் ஒயில் நுரைத்து, மூச்சுக் குழாய் வழியாக எயார் ஃபில்டருக்குள் போய்ச் சேரும். அளவுக்கம்பியைப் பார்க்கும்போது வண்டி நிமிர்ந்தே நிற்க வேண்டும். பக்க ஸ்டாண்டில் சரிந்து நிற்கும் வண்டி தவறான அளவையே காட்டும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில துளிகள் சிந்தும். அதன்மேல் தண்ணீரையும் சவர்க்காரத் தூளையும் ஊற்றுவது ஒயிலைப் பரப்பி மண்ணுக்குள் அனுப்புவதாகவே முடியும். நெல் விளையும் ஊரில் உமிக்குப் பஞ்சமில்லை: ஒரு பை உமியையோ மரத்தூளையோ பக்கத்தில் வைத்திருந்து, சிந்தியவுடன் தூவி, ஊறிய பின் கூட்டியெடுத்துப் பையில் கட்டுங்கள். மண்ணில் சிந்தியிருந்தால் கறுத்த மண்ணையும் வழித்து அதே பையில் போடுங்கள்.

பழைய ஒயிலை என்ன செய்வது என்பதில் நம்மவரிடம் ஊறிப்போன வழக்கங்கள் பல. கறையான் ஏறாதிருக்க வேலிக்கட்டைக்குப் பூசுவார்கள், சங்கிலிக்கு விடுவார்கள், குப்பை கொளுத்த ஊற்றுவார்கள். கட்டையில் பூசியது முதல் மழையிலேயே கழுவுண்டு நிலத்துக்குப் போகத் தொடங்கும். சங்கிலியில் விட்டது உலோகத் துகளோடு தேய்த்து, பின் சில்லெங்கும் தெறிக்கும். எரித்தால் நச்சுப் புகை வீட்டாருக்கே. பெற்றோலோ தண்ணீரோ கலக்காமல், மூடியுள்ள போத்தலில் சேர்த்து, அடுத்த முறை பட்டினம் போகும்போது, பழைய ஒயிலைப் பரலில் சேகரித்து விற்கும் கராஜ் ஒன்றில் கேட்டுக் கொடுத்துவிடுவதே சரியான வழி. போத்தலில் என்ன இருக்கிறது என்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வெறுமையான புதிய ஒயில் கானை வெட்டிய பின்பே அகற்றுங்கள், போலி ஒயில் நிரப்புவோர் முழுக் கானைத்தான் தேடுகிறார்கள்.

அன்றிரவு எஞ்சினுக்கு அடியில் ஒரு வெள்ளைக் காட்போட் மட்டையை வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். நட்டின் நேர்கீழே ஈரப் பொட்டு இருந்தால் வாஷரைச் சந்தேகிக்க வேண்டும். பொட்டுகள் பரவலாகச் சிதறியிருந்தால், அது பெரும்பாலும் எஞ்சினின் வெளிப்புறத்தில் நேற்றுத் துடைக்காமல் விட்ட ஒயில்தான்; சீலைத் துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு, அடுத்த இரவும் மட்டையை மாற்றி வைத்துப் பாருங்கள்.