ப்ளைவுட், பிளாக் போர்டு, எம்டிஎஃப்: பலகையின் பலம் எந்தப் பக்கம் ஓடுகிறது?

அம்மாயியின் பித்தளைப் பாத்திரங்களை அடுக்க, கோபிசெட்டிபாளையம் வீட்டில் 4 அடி நீளத்தில் தட்டுகள் போட்டேன். 18 மி.மீ. பிளாக் போர்டு (உள்ளே மரச்சட்டங்களை அடுக்கி ஒட்டிய பலகை), நல்ல சரக்கு. ஆறே மாதத்தில் நடுத்தட்டு தொய்ந்து குண்டாக்கள் எல்லாம் நடுவில் சாய்ந்துவிட்டன. கழற்றிப் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. அளவெடுப்பது, ரம்பம் பிடிப்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. ஷீட்டின் ஓரத்தைப் பாருங்கள்

ப்ளைவுட்டில் மெல்லிய மரத்தோல்களை (வெனீர், மரத்தையே தாள்போல உரித்தது) ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து ஒட்டியிருப்பார்கள். அதனால் நீளவாக்கிலும் குறுக்கிலும் தாங்கும். அடுக்குகளுக்கு நடுவே சந்து தெரிந்தால் அந்த ஷீட் வேண்டாம். எம்டிஎஃப் மரநாரை அழுத்திச் செய்தது, பார்ட்டிகிள் போர்டு மரத்துணுக்கை அழுத்திச் செய்தது. இரண்டையும் எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒரே பலம்தான், ஆனால் அந்தப் பலம் ப்ளைவுட்டைவிடக் குறைவு.

(நம்ம பக்கத்துத் தோட்டங்களில் வரிசையாக நிற்கும் மலைவேம்பு இந்த ப்ளைவுட்டுக்குத்தான் போகிறது. நேராக வளர்வதால் தோல் உரிக்க வாகான மரம்.)

2. பிளாக் போர்டை வெட்டும் திசை

நான் தவறியது இங்கேதான். பிளாக் போர்டின் உள்ளே மர ரீப்பர்கள் (நீளச் சட்டங்கள்) பக்கம் பக்கமாக ஒரே திசையில் கிடக்கும், பெரும்பாலும் 8 அடி நீளவாக்கில். அந்தத் திசையில் நன்றாகத் தாங்கும். குறுக்கே வளைத்தால் ரீப்பருக்கும் ரீப்பருக்கும் நடுவே உள்ள இணைப்பில் தொய்யும்.

8க்கு 4 ஷீட்டை 8 அடிப் பக்கத்தில் அடிக்கு ஒரு வெட்டாகப் போட்டால் 4 அடித் தட்டுகள் எட்டு கிடைக்கும். வெட்டுகிறவருக்கு இது சுலபம், நானும் சரியென்றேன். ஆனால் ஒவ்வொரு தட்டிலும் ரீப்பர் வெறும் 1 அடித் துண்டாகக் குறுக்கே கிடந்தது. ஷீட்டை நீளமாக நான்காகக் கிழித்து, பிறகு பாதியாக அறுத்தாலும் அதே எட்டுத் தட்டுதான். மரம் துளியும் வீணாகாது, ரீப்பரோ 4 அடிக்கும் ஓடும். பார்த்த ஆசாரி ஒரே வார்த்தையில் சொன்னார்: "ரீப்பர் குறுக்கால ஓடுதுங்க."

மேல்தோலின் ரேகையை நம்பாதீர்கள், அது ரீப்பருக்குக் குறுக்காகவும் இருக்கலாம். ஓரத்தில் கட்டை கட்டையாகத் தெரிந்தால் அது ரீப்பரின் முனை. மைக்கா ஒட்டுவதற்கு முன்பே பென்சிலால் அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

3. வாளிச் சோதனை

3 அடி நீளம், 4 அங்குல அகலத்தில் பலகை வகை ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு எடுங்கள். இரண்டரை அடி இடைவெளியில் இரண்டு ஸ்டூல் போட்டு, துண்டின் நடுவே 10 லிட்டர் தண்ணீர் வாளியைக் கயிற்றில் தொங்கவிட்டு, எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்டீல் ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு இரண்டும் நேரம் ஆக ஆக இன்னும் இறங்கும். பாத்திரத் தட்டுக்கு அவை ஆகாது என்பது என் முடிவு. பெயின்ட் அடிக்கும் கதவுக்கு மட்டும் எம்டிஎஃப்பை அடிக்க வேறில்லை, அவ்வளவு வழவழப்பு.

4. தண்ணீர் படும் இடம்

சிங்க்குக்குக் கீழே ஐ.எஸ். 710 (தண்ணீர் தாங்கும் மரைன் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரை உள்ள ப்ளைவுட். அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் தாங்க வேண்டும். வேறு எதையும் அங்கே வைக்காதீர்கள்.

5. அறுப்பதும் திருகுவதும்

கையில் பிடிக்கும் வட்ட ரம்பம் என்றால் நல்ல முகம் கீழே இருக்கட்டும், சிலாம்பு மேல்பக்கம்தான் வரும். 60 பல் பிளேடு வாங்குங்கள். எம்டிஎஃப் ஓரத்தில் முன்துளை போடாமல் ஸ்க்ரூ ஏற்றினால் பிளந்துவிடும். அதன் தூசு நெஞ்சுக்கு ஆகாது, முகமூடி கட்டாயம்.

பின்சேர்க்கை: "18க்குப் பதில் 25 மி.மீ. போட்டால் போதுமா?" என்று பெருந்துறையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். தடிமனை இரட்டித்தால் தொய்வு 8ல் ஒரு பங்காகும். தாங்கலின் இடைவெளியைப் பாதியாக்கினாலோ 16ல் ஒரு பங்கு. நடுவில் ஒரு தாங்கல் கொடுங்கள்.

ஏற்கெனவே தொய்ந்த தட்டு என்றால், பாரத்தை இறக்கி, தட்டைத் திருப்பிப் போட்டு, முன்விளிம்பின் அடியில் 2 அங்குல ப்ளைவுட் பட்டையைச் செங்குத்தாகப் பசையிட்டுத் திருகுங்கள். என் நடுத்தட்டு இப்போது அப்படித்தான் நிற்கிறது.