ஊசிக்கு முன்னும் பின்னும்: குடியிருப்புகளில் சிக்கிள் செல் பரிசோதனை

கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பணியர் குடியிருப்புகளுக்கு இரத்தப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பதினொரு ஆண்டுகளாக நடக்கிறேன். சிக்கிள் செல் என்பது இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய். இந்தியாவில் அது முதன்முதலில் கண்டறியப்பட்டது எங்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், ஆண்டு 1952. 2023 ஜூலையில் தேசிய ஒழிப்பு இயக்கம் தொடங்கி, 40 வயது வரையிலான ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்த பிறகு, புதிய குழுக்கள் பல கிளம்பியிருக்கின்றன. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் முறை ஊசி இல்லாமல் போங்கள். ஊர் மூப்பனிடமும் வயதான பெண்களிடமும் உட்கார்ந்து பேசுங்கள். மழைக்காலத்தில் கைகால் குடைச்சலால் அலறும் பிள்ளைகள், கை கால் வீங்கிய கைக்குழந்தைகள், கண் மஞ்சளித்தவர்கள் யார் யார் என்று அவர்களுக்குத் தெரியும். காலை எட்டு மணிக்கு முகாம் போட்டால் யாரும் இருக்கமாட்டார்கள். தேயிலை பறிக்கப் போயிருப்பார்கள். குடகில் இஞ்சித் தோட்ட வேலைக்குப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நல்லது.

விரல் நுனியில் குத்தி எடுத்த 20 மைக்ரோ லிட்டர் இரத்தத்தை டைதயோனைட் பொடி கலந்த 2 மில்லி சோதனைக் கரைசலில் விட்டுக் கலக்கி, ஐந்து நிமிடம் பொறுங்கள். குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட அட்டையைப் பிடியுங்கள். கோடு தெளிவாகத் தெரிந்தால் இயல்பு. கலங்கி மறைந்தால் சிக்கிள் ஹீமோகுளோபின் இருக்கிறது. ஒவ்வொரு முகாமிலும், முடிவு ஏற்கெனவே தெரிந்த இரண்டு மாதிரிகளை, ஒன்று இயல்பானது, ஒன்று சிக்கிள் உள்ளது, முதலில் சோதித்துப் பாருங்கள். டைதயோனைட் பொடி பழசாகியிருந்தால் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும்.

இந்தச் சோதனை ஏமாற்றும் இடங்கள் உண்டு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இதைச் செய்யாதீர்கள். குதிகாலில் குத்தி வடிதாளில் இரத்தப் பொட்டு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஹீமோகுளோபின் மிகக் குறைந்தவருக்கும் அண்மையில் இரத்தம் ஏற்றியவருக்கும் தவறாக "இல்லை" என்று காட்டலாம். முக்கியமாக, கரைசல் கலங்கியவர் நோயாளியா, நோயில்லாமல் சிக்கிள் மரபணு ஒன்றை மட்டும் சுமக்கும் வெறும் கடத்தியா என்று இது சொல்லாது. ஆகவே கலங்கிய ஒவ்வொருவரிடமும் ஊதா மூடிக் குழாயில் நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. அல்லது எலெக்ட்ரோபோரெசிஸ் சோதனைக்கு அனுப்பியே ஆகவேண்டும். ஒரே குடியிருப்பில் வெள்ளி என்ற பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். தாய் பெயர், தந்தை பெயர், வயது மூன்றையும் அவர் எழுந்து போவதற்குள் குழாயில் எழுதுங்கள்.

முடிவைச் சொல்லும் நாள்தான் எனக்கு இன்றும் பயம். என் ஆரம்ப ஆண்டுகளில் ஒரு முகாமில் பெயர்களை மைக்கில் வாசித்தோம். கடத்தி என்று தெரிந்த ஒரு பெண்ணுக்குப் பேசி முடித்திருந்த கல்யாணம் அந்த வாரமே நின்றுபோனது. கடத்திக்கு நோயில்லை, மருந்தும் வேண்டாம் என்பதை நாங்கள் சொல்லத் தொடங்குவதற்குள் செய்தி ஊரைத் தாண்டிவிட்டது. அன்று முதல் வீட்டுக்குள் போய்த் தனியாகத்தான் சொல்கிறேன்.

விளக்குவதற்கு என் பையில் அவரை விதைகள் இருக்கும். கறுப்பு விதைதான் சிக்கிள் மரபணு. தாயும் தந்தையும் கடத்திகள் என்றால், தாய் கையில் ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. தந்தை கையிலும் அப்படியே. கண்ணை மூடி ஆளுக்கொன்று எடுத்துக் கொடுக்கச் சொல்வேன். இரண்டும் கறுப்பாக வந்தால் நோய், அதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. "நாலில் ஒன்று என்றீர்களே, மூத்தவனுக்கு வந்துவிட்டது, இனிப் பிறக்கும் மூன்றும் தப்பிக்குமா அக்கா?" என்று ஒரு தாய் கேட்டாள். விதைகளைத் திரும்ப அவரவர் கையில் வைத்து, மறுபடி எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு கர்ப்பத்திலும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது என்று அவளுக்கு அப்போது புரிந்தது. கணவன், மனைவி இருவரும் கடத்திகளாக இருந்தால் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

நோய் உறுதியானவர்களுக்கு ஃபோலிக் அமிலம், வலித் தாக்குதலைக் குறைக்க மருத்துவர் எழுதித் தரும் ஹைட்ராக்சியூரியா, குழந்தைகளுக்குப் பென்சிலின், நிமோனியா தடுப்பூசி. சோகை என்றதும் இரும்புச்சத்து மாத்திரையை அள்ளிக் கொடுக்காதீர்கள். குறைபாடு உண்டா என்று பார்த்த பிறகே தரவேண்டும். காய்ச்சலோ நெஞ்சுவலியோ வந்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். குளிரும் தண்ணீர் குடிக்காமையும் வலியைக் கிளப்பும். ஜூன் மழைக்கு முன்பே பட்டியலோடு வீடு வீடாகப் போய், மாத்திரை எத்தனை மீதி, கம்பளி இருக்கிறதா, இரவில் ஜீப்புக்கு யாரை அழைப்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.