சத்து வேறு, சக்தி வேறு: சூழலியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரிஷியஸில் ஜூன் மாதம் தொடங்கி ஏறக்குறைய ஆண்டு முடியும்வரை கரும்பு வெட்டு நடக்கும். சாறு சர்க்கரையாகும், சக்கை ஆலையின் கொதிகலனில் எரிந்து மின்சாரமாகும். "அப்படியானால் வயலுக்குப் போட்ட உரம்தானே வீட்டில் விளக்காக எரிகிறது?" என்று என் மாலை வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்விதான். ஆனால் அதற்குள் ஒளிந்திருக்கும் குழப்பத்தை வளர்ப்பதில் நம் பேச்சுத் தமிழுக்கும் பங்குண்டு: உரத்திலும் கஞ்சியிலும் இருப்பதை ஒருமுறை 'சத்து' என்கிறோம், மறுமுறை 'சக்தி' என்கிறோம். சத்து என்பது பொருள், அதாவது அணுக்கள். சக்தி என்பது பாடநூல் சொல்லும் ஆற்றல். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுவதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்து கிளைப்பவை.

செடி மண்ணை உண்டு வளர்கிறது என்ற எண்ணத்தை எடுத்துக்கொள்வோம். ஃபான் ஹெல்மாண்ட் என்பவர் ஏறத்தாழ 2.3 கிலோ எடையுள்ள வில்லோ மரக்கன்றைத் தொட்டியில் நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். 1648இல் வெளியான அவருடைய குறிப்பின்படி, மரம் 77 கிலோ அளவுக்குப் பெருத்திருந்தது. தொட்டி மண்ணோ அறுபது கிராம்கூடக் குறையவில்லை. எல்லாம் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு கட்டியது பாதி சரி. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

கரும்பில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு சர்க்கரை மூலக்கூறில் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன; நைட்ரஜனோ பாஸ்பரஸோ பொட்டாசியமோ ஓர் அணுகூட இல்லை. கப்பலேறும் தூய சர்க்கரை காற்றும் நீரும் வெயிலும் சேர்ந்து செய்தது. உரத்தின் சத்து தோகையிலும் சக்கையிலும், சாற்றை வடிகட்டும்போது எஞ்சும் கசடிலும் தங்குகிறது. சக்கை எரியும்போது அதிலுள்ள நைட்ரஜனின் பெரும்பகுதி வாயுவாகப் போய்விடும். பாஸ்பரஸும் பொட்டாசியமும் பெரும்பாலும் சாம்பலில் நிற்கும். ஆகவே மாணவிக்கான விடை: விளக்கில் எரிவது வெயில், உரமன்று.

அடுத்தது, விடைத்தாள்களில் ஓயாமல் தலைகாட்டும் 'ஆற்றல் சுழற்சி' என்ற தொடர். சுழல்வது பொருள்தான். வயலில் மட்கும் தோகையைப் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் சிதைக்கும்போது நைட்ரஜனும் பாஸ்பரஸும் மண்ணுக்குத் திரும்புகின்றன, ஆனால் ஆற்றல் திரும்புவதில்லை. மட்கும் தோகைக் குவியலுக்குள் கையை விட்டால் உணரும் சூடுதான் அந்த ஆற்றல் வெளியேறும் வடிவம். அந்தச் சூட்டை எந்தச் செடியாலும் மீண்டும் சர்க்கரையாக்க முடியாது. அதனால்தான் ஒவ்வொரு நாளும் புதிய வெயில் தேவைப்படுகிறது.

உணவுச் சங்கிலியின் ஒரு படியிலுள்ள ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போகும் என்ற பத்து விழுக்காடு விதியைச் சட்டம்போல் ஒப்பிப்பதும் தவறு. 1942இல் சூழலியலாளர் ரேமண்ட் லிண்டமன் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் வேரூன்றிய இக்கருத்தில், பத்து என்பது தோராயமான சராசரி மட்டுமே. பறவைகளும் பாலூட்டிகளும் செரித்து உட்கொண்ட ஆற்றலில் மிகப் பெரும்பகுதியை உடல் சூட்டைக் காக்கவே செலவிட்டு, ஓரிரு விழுக்காட்டை மட்டும் புதிய தசையாக்குகின்றன. ஊர்வனவற்றுக்கு அந்தச் செலவு இல்லை. மீதித் தொண்ணூறு 'அழிந்தது' என்று எழுதுவதும் பிழை. மொரிஷியஸின் தென்கிழக்குக் கரையிலுள்ள மாயேபூர் நகருக்கு எதிரே கடலிலுள்ள இலோஸெக்ரெத் தீவில், அழிந்துபோன உள்ளூர் ஆமைகளுக்கு மாற்றாக அல்டாப்ரா பேராமைகளை விட்டிருக்கிறார்கள். அவை கருங்காலிப் பழத்தைத் தின்று, விதைகளைச் சாணத்தோடு வேறிடத்தில் இடுகின்றன. அந்தச் சாணத்தில் செரிக்காத நாரும் அதற்குள் ஆற்றலும் இன்னும் இருக்கின்றன. ஆமைக்கு அது கழிவு, நுண்ணுயிர்களுக்கு உணவு.

சிறிய தவறுகள் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உணவுச் சங்கிலியில் அம்புக்குறி உண்ணப்படுவதிலிருந்து உண்பதை நோக்கிப் போக வேண்டும். 'எது எதைத் தின்கிறது' என்ற திசையில் போட்டால் படம் முழுவதும் தலைகீழாகிவிடும். செடி இரவில் மட்டும் சுவாசிப்பதில்லை, பகலிலும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை மிகுதியாக நடப்பதால் அது நமக்குத் தெரிவதில்லை.

கடைசியாக, ஒவ்வொரு சூழல்தொகுதியையும் மூடிய பெட்டியாக வரைவது. நாட்டின் வடக்கே, ஆளில்லாத ரவுண்ட் தீவில் பெட்ரெல் முதலிய கடற்பறவைகள் கூடு கட்டுகின்றன. அவை தொலைகடலில் மீன் பிடித்துத் தின்று, தீவின் பாறை மண்ணில் எச்சமிடுகின்றன. கடலின் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இப்படித்தான் கரையேறிச் செடிகளுக்குக் கிடைக்கின்றன. எச்சத்தின் ஒரு பங்கை மழை கரைத்துக் கடலுக்கே திரும்பக் கொண்டுபோவதும் உண்டு. ஆனால் அந்த மீனிலிருந்த ஆற்றலில் பெரும்பகுதி, பறவை தீவுக்குச் சிறகடித்துத் திரும்பும்போதே வெப்பமாகக் காற்றில் கலந்துவிட்டிருக்கும்.