சவுண்டலை வெட்டிவிட்டு என்ன வைக்கலாம்?

குமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் எங்கள் விளையில், அதாவது தோப்பில், சவுண்டல் வைத்தது அப்பாதான். ஆட்டுக்குத் தழை, நல்லமிளகுக் கொடிக்குத் தாங்கல், வேலியோரம் நிழல் என்று ஒரே மரத்தில் மூன்று காரியம் ஆகுமே என்று நாலு மூடு கன்று வைத்தார். சூபாபுல் என்று பேர் சொல்லி ஊரெல்லாம் வைக்கச் சொன்ன காலம் அது. மெக்சிகோ பக்கத்து மரம். இருபது வருடத்தில் நாலு மூடு காடாகி, பக்கத்து விளைக்கும் இறங்கி, கிணற்றடிச் செம்பருத்தியைக்கூட மூடிவிட்டது.

வெட்டுவது பெரிய வேலை இல்லை, அப்புறம்தான் வேலையே. முதல் தடவை ஆள் விட்டு முட்டளவில் வெட்டிப் போட்டோம். ஆடிச் சாரலில் குற்றி என்கிற அடிக்கட்டை ஒவ்வொன்றிலும் பத்திருபது துளிர். யாரோ சொன்னார்களென்று கல்லுப்பு கொட்டினேன். சவுண்டல் அசையவில்லை, இரண்டடி தள்ளி நின்ற சேம்புதான் கருகிப்போனது.

இப்போது நான் செய்வது இது. காய் பச்சையாக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். பழுப்பேறிவிட்டால் காய்க்குப் பதினைந்து இருபது விதை, மரத்தை அசைத்தாலே விளை முழுக்கச் சிதறும். குற்றியைத் தரையோடு தரையாக அறுத்து, மண்ணைத் தோண்டி, வெட்டுக்கத்தியால் அரையடி ஆழம்வரை பட்டையை உரித்துவிடுங்கள். மேலே கறுப்புத் தார்ப்பாய், அதன்மேல் மண், ஓரமாகக் கல். ஒரு வருடம் திறக்கக் கூடாது. ஓரத்தில் துளிர் எட்டிப் பார்த்தால் விரல் நீளம் ஆகுமுன் ஒடித்துவிடணும். ஒடித்ததை ஆட்டுக்குக் கொஞ்சம் போடலாம். முயலுக்கு வேண்டாம், முடி கொட்டும்.

விதை மண்ணில் பத்து வருடத்துக்கு மேல்கூட உயிரோடு கிடக்கும். சருகைக் கூட்டி அங்கேயே தீ வைத்தால் சூட்டில் தோல் இளகி இன்னும் அதிகமாக முளைக்கும். மழை பெய்த மறுநாள் விளையைச் சுற்றிவந்து கையால் பிடுங்குவதுதான் வழி. சாண் உயரத்தில் வேரோடு வரும். முழம் தாண்டினால் ஆணிவேர் விடாது, மம்பட்டி எடுக்க வேண்டியதுதான்.

சரி, பதிலுக்கு என்ன? மூன்று வேலைக்கும் ஒரே மரம் தேடினதுதான் அப்பா செய்த தப்பு. வேலிக்குப் பூவரசு. நாற்று வாங்கவே வேண்டாம். கைத்தண்டு கனத்தில் நாலடிக் கம்பு, அடியைச் சரித்து வெட்டி ஓரடி ஆழத்தில் நட்டு, மேல்முனையில் சாணி அப்பினால் போதும். வைகாசிக் கடைசியில் நட்டால் தென்மேற்கு மழையில் பிடித்து, ஐப்பசி மழையில் தழைக்கும். இரண்டு மழையும் கிடைக்கிற மாவட்டம், அதை விடக் கூடாது. நான் வைத்த பன்னிரண்டில் ஒன்பது பிடித்தது. மூன்றை எங்கள் ஆடே தின்றுவிட்டது.

நல்லமிளகுக் கொடி ஏற அயனி, பலா இனத்து மரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்த மரம், அறுக்கிற தடிக்கும் நல்ல விலை. விதையைக் காயவிடக் கூடாது. பழம் தின்ற அன்றே ஊன்றிவிடுங்கள். வானம் பார்க்க வளருகிற மரம், வீட்டிலிருந்து முப்பதடியாவது தள்ளி வையுங்கள். அயனிச்சக்கை, அதான் அதன் பழம், விழுந்தால் ஓடு போச்சு.

அடுக்களைப் பக்கம் வயணை வைத்திருக்கிறேன், இலை மணக்கிற பட்டை இனத்து மரம். கார்த்திகைக் கொழுக்கட்டைக்கு இலை தேடி அலைய வேண்டாம். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் தண்ணீரும் ஓலை மறைப்பும் வேண்டும். குளச்சல், மணவாளக்குறிச்சி மாதிரி கடலோரம் என்றால் புன்னை வையுங்கள், உப்புக்காற்றைத் தாங்கும்.

எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் வெட்டிவிடாதீர்கள். மிளகு ஏறி நின்ற ஒரு சவுண்டலை நான் இன்னும் விட்டுவைத்திருக்கிறேன், பூக்கும்போதே தலையைக் கழித்துவிடுவேன். பக்கத்து அயனி இப்போது என் தலைக்கு மேல் இரண்டடி. மிளகின் அடியிலிருந்து ஓடிய கொடி ஒன்றைத் திருப்பி, வாழைநாரால் அதில் கட்டியாயிற்று.