நரம்பு டாக்டரும் மஞ்சப்பையும்

மேலூரில் இருக்கும் எங்கள் சித்திக்கு எட்டு மாதமாகத் தூக்கம் இல்லை. நெஞ்சு படபடக்கும், சோற்றைக் கண்டாலே வெறுப்பு. ஒரு மஞ்சப்பை நிறைய ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, தலை ஸ்கேன் எல்லாம் வைத்திருந்தார். "எல்லாம் நார்மல்னு சொல்றாங்க. அப்புறம் எனக்கு ஏன்டா இப்படி வருது?" என்றார். அவர் பார்த்த மூன்று பேருமே 'நரம்பு டாக்டர்'கள்.

நம் ஊரில் முதல் தவறே இதுதான். மனநல மருத்துவர் என்று சொல்லக் கூச்சப்பட்டு நரம்பு டாக்டரிடம் போவது. வலிப்பு, பக்கவாதம் போன்றவற்றுக்குத்தான் அவர். தைராய்டு, ரத்தசோகை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது, அவையும் மனதை வாட்டும். அதில் ஒன்றும் இல்லையென்றால் அடுத்த ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். பெரியாஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள்.

அங்கே போயும் சித்தி "தூக்கம் வரல" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். மீதியையெல்லாம் கூடப் போன சித்தப்பாவே பேசினார். துணைக்கு ஆள் வேண்டும், சரி. ஆனால் டாக்டரிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். வீட்டுச் சண்டை, கடன், சாகலாம் போல வரும் நினைப்பு, இதெல்லாம் சித்தப்பா வாயிலிருந்து வராது.

அடுத்தது மாத்திரை. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யவே பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் சில நாள் குமட்டல், தலைவலி வரலாம். நம் ஆட்கள் ஐந்தாம் நாளே "ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுவார்கள். அதைத் தாண்டியவர்கள் நன்றாக ஆனதும் தாங்களாகவே நிறுத்துவார்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், பழைய தொல்லை எல்லாம் திரும்பலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்குவது இதைவிட மோசம், அது பழக்கமாகிவிடும்.

மதுரை பாண்டி கோயிலுக்குப் போகாதே என்று சண்டை போடுவதும் தவறுதான். போகட்டும், மாத்திரையும் நடக்கட்டும். கட்டிப்போடுவது, அடிப்பது என்றால் மட்டும் விடக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி சங்கிலியால் கட்டுவதற்குத் தடை இருக்கிறது.

போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து, தற்கொலைக்கு முயன்றவரைப் பற்றி ஆஸ்பத்திரியில் பொய் சொல்பவர்களும் உண்டு. சிகிச்சை தவறிப்போக அதுவே காரணமாகிவிடும். அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே அதே சட்டம் கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. அவரைத் தனியாக விடாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

நேரில் போகவே தயக்கமா? 14416க்குப் போன் போடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் மனநல ஆலோசனைச் சேவை அது. இலவசம், ராத்திரியும் உண்டு, தமிழிலேயே பேசலாம். முற்றிப்போனவர்களுக்குத்தான் என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். பரீட்சை பயத்துக்கும் பேசலாம்.

சித்தி இப்போது நன்றாகத் தூங்குகிறார். தெருவில் யாராவது கேட்டால் "நரம்புக்கு மாத்திரை சாப்பிடுறேன்" என்றுதான் இன்னமும் சொல்கிறார். சொல்லிக்கொள்ளட்டும், நேரத்துக்கு மாத்திரையைப் போட்டுவிடுகிறார்.