அமெரிக்க ஸ்பௌஸ் விசாவுக்கு ஐ-864: சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டே பண்றவங்களுக்கு

அமெரிக்க பாஸ்போர்ட் வச்சிருக்காரு, சிங்கப்பூர்ல மாசம் 9000 வெள்ளி சம்பளம், இங்க உள்ள பொண்ண கட்டிக்கிட்டாரு, ஐ-130யும் (மனைவிக்காகப் போடற மொதல் மனு) அப்ரூவ் ஆயிடுச்சு, அப்பறம் ஸ்பான்சர் பேப்பர்ல, அதாவது அவளோட செலவ நான் பாத்துக்கறேன்னு அமெரிக்க அரசாங்கத்துக்கு கையெழுத்து போட்டுக் குடுக்கற ஐ-864ல, என்ன பிரச்சினை வரப்போவுதுன்னு நெறைய பேர் நினைக்கிறாங்க. பிரச்சினையே அங்கதான் வருது. எவ்வளவு சம்பாதிக்கிறீங்கங்கறது ரெண்டாவது கேள்வி, அந்த சம்பாத்தியம் நீங்க அமெரிக்கா போனப்பறமும் அதே இடத்துல இருந்து வருமாங்கறதுதான் மொத கேள்வி. இங்க வேலைய விட்டுட்டுப் போறீங்கன்னா அந்த 9000 வெள்ளிக்கு ஐ-864ல மதிப்பே கிடையாது.

ஆனா கம்பெனியே உங்கள அமெரிக்க ஆபீசுக்கு மாத்துது, இல்ல அங்க இருந்தே ரிமோட்டா வேலை பாக்க விடுதுன்னா கதை வேற. எச்ஆர்கிட்ட லெட்டர் வாங்குங்க, அதுல வேலை தொடரும், அமெரிக்காவுல இருந்து செய்யலாம், சம்பளம் இவ்வளவுன்னு தெளிவா இருக்கணும், சும்மா "இவர் எங்க ஊழியர்"னு மட்டும் எழுதிக் குடுத்தா பத்தாது. மனைவியோட சம்பளத்துக்கும் இதே ரூல்தான், அதே வேலை அங்க போயும் தொடர்ந்தா சேத்துக்கலாம். மனைவிக்கு அங்க புதுசா வேலை கெடைச்சிருக்குன்னு ஆஃபர் லெட்டர் காட்டி ஐ-864ல உள்ள பள்ளத்த ரொப்ப முடியாது.

எவ்வளவு காட்டணும்? அமெரிக்க அரசாங்கம் வருஷா வருஷம் போடற வறுமைக்கோட்டு கணக்குல 125 சதவீதம். 2025 அட்டவணைப்படி ரெண்டு பேர் குடும்பத்துக்கு வருஷம் 26,437 அமெரிக்க டாலர், மூணு பேருக்கு 33,312. அலாஸ்கா, ஹவாய்க்கு மட்டும் இதவிட கூட. ஐ-864பி-ன்னு ஒரு பக்கம் இருக்கு, அனுப்பற அன்னிக்கு அதுல எந்த வருஷ நம்பர் இருக்கோ அதப் பாருங்க, யாரோ எப்பவோ போட்ட ஸ்கிரீன்ஷாட்ட நம்பாதீங்க. தலை எண்ணும்போது நீங்க, மனைவி, கல்யாணம் ஆகாத 21 வயசுக்குக் கீழ உள்ள புள்ளைங்க எல்லாரையும் எண்ணணும், குழந்தை பொறக்கும்போதே அமெரிக்க சிட்டிசனா இருந்தாலும் எண்ணணும். முன்னாடி வேற யாருக்காவது ஐ-864 கையெழுத்து போட்டு அது இன்னும் முடியலன்னா அவரும் ஒரு தலை.

சம்பளம் ஆகலன்னா அடுத்த வழி சொத்து. அமெரிக்க சிட்டிசன் தன் மனைவிக்கோ கணவருக்கோ பண்ணும்போது, குறையற தொகைக்கு மூணு மடங்கு சொத்து காட்டணும், கிரீன் கார்டு வச்சிருக்கறவர் பண்ணினா அஞ்சு மடங்கு. வருமானம் சுத்தமா பூஜ்யம், நீங்களும் மனைவியும் மட்டும்னா 26,437ஐ மூணால பெருக்குங்க, 79,311 டாலர். ஒரு குழந்தையும் இருந்தா 99,936. மனைவி பேர்ல இருக்கற சொத்தையும் இதுல சேக்கலாம், இது நெறைய பேருக்குத் தெரியல, இங்க பல வீட்ல காசு அவங்க பேர்லதான் கெடக்கும். நிபந்தனை என்னன்னா ஒரு வருஷத்துக்குள்ள பெரிய நஷ்டம் இல்லாம காசாக்கி அமெரிக்காவுக்கு எடுத்துட்டுப் போக முடியணும்.

அப்படிப் பாத்தா நம்ம ஊர் சொத்துல எது தேறும்? சேவிங்ஸ் அக்கவுன்ட், ஃபிக்ஸட் டெபாசிட், சிங்கப்பூர் சேவிங்ஸ் பாண்ட், ஷேர், இதெல்லாம் ஓகே. 12 மாச ஸ்டேட்மென்ட் வைங்க. போன மாசம் திடீர்னு யாரோ 60,000 போட்டிருந்தா ஆபீசருக்கு சந்தேகம் வரத்தான் செய்யும், அது எங்க இருந்து வந்துச்சுன்னு பேப்பர் சேத்து வைங்க. சிபிஎஃப்ப (சிங்கப்பூர் ஓய்வுக்கால சேமிப்பு) நம்பி உக்காராதீங்க. 55 வயசுக்கு முன்னாடி அத கையில எடுக்கணும்னா சிட்டிசன்ஷிப்பயோ பிஆரையோ விட்டுட்டு நிரந்தரமா கிளம்பணும், இப்பதான் கிரீன் கார்டுக்குப் போற பொண்ணு சிங்கப்பூரோட செவப்பு பாஸ்போர்ட்ட உடனே திருப்பிக் குடுக்கவா போறா. பிஆரா இருந்து அத விட்டுட்டுப் போறவங்களுக்கு மட்டும் இது கொஞ்சம் வேற மாதிரி.

எச்டிபி வீடு, அதாவது சிங்கப்பூர் அரசாங்க அடுக்குமாடி வீடு, பத்தித்தான் அதிகமா கேக்கறாங்க. காட்டலாம், ஆனா கணக்க ஒழுங்கா போடுங்க. சும்மா ஒரு உதாரணம், வீடு 600,000 வெள்ளிக்குப் போகும், லோன் பாக்கி 220,000, சிபிஎஃப்ல இருந்து எடுத்ததும் அதுக்கு ஏறின வட்டியும் சேந்து 230,000. வித்தா அந்த 230,000 திரும்ப சிபிஎஃப் அக்கவுன்ட்டுக்குத்தான் போகும், உங்க கைக்கு வராது. மிச்சம் 150,000 வெள்ளி, அதுதான் நீங்க தைரியமா எழுதக்கூடிய நம்பர், அத டாலராக்குங்க. எம்ஓபி (விக்கறதுக்கு முன்னாடி நீங்களே குடியிருக்க வேண்டிய காலம்) முடிஞ்சிருக்கான்னும் பாருங்க, பொதுவா 5 வருஷம், பிளஸ், பிரைம் வீடுன்னா 10 வருஷம், முடியாத வீட்ட ஒரு வருஷத்துல வித்துடுவேன்னு எழுதினா அது பொய் மாதிரி ஆயிடும். வேல்யுவேஷன் ரிப்போர்ட், லோன் ஸ்டேட்மென்ட், சிபிஎஃப் ஸ்டேட்மென்ட் மூணும் ஒண்ணா வைங்க. தேக்காவுல (லிட்டில் இந்தியா பக்கம்) வாங்கின நகையெல்லாம் கணக்குல வருமான்னு கேப்பாங்க, அதுக்கு மதிப்பு சர்டிபிகேட் வாங்கி அலையறதுக்கு காசா இருக்கறத காட்டறது எவ்வளவோ மேல்.

டாக்ஸ். சிங்கப்பூர் வரித்துறை ஐராஸ் குடுக்கற நோட்டீஸ் ஆஃப் அசெஸ்மென்ட் இருக்கேன்னு அத வச்சு முடிக்கப் பாக்காதீங்க, கேக்கறது ஐஆர்எஸ் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது அமெரிக்க வரித்துறை குடுக்கற ரிட்டர்ன் சுருக்கம், குறைஞ்சது கடைசி ஒரு வருஷத்துக்கு. அமெரிக்க சிட்டிசன் உலகத்துல எங்க இருந்தாலும் வருமானம் வரம்புக்கு மேல இருந்தா ஃபைல் பண்ணணும். வெளிநாட்டு சம்பள விலக்கு, அதாவது ஃபார்ம் 2555, போட்டிருந்தீங்கன்னா (2024 வருமானத்துக்கு 126,500 டாலர் வரைக்கும் விலக்கு உண்டு) டிரான்ஸ்கிரிப்ட்ல மொத்த வருமானம் பூஜ்யம்னு நிக்கும், பயப்படாதீங்க, அந்த ஃபார்மையும் சேத்து வச்சு ஒரு சின்ன விளக்க லெட்டர் எழுதுங்க. பல வருஷமா ஃபைலே பண்ணலன்னா ஐ-864ஐ அப்படியே ஓரமா வச்சுட்டு மொதல்ல அத சரி பண்ணுங்க, வேணும்னே பண்ணாம தெரியாம விட்டவங்களுக்கு ஸ்ட்ரீம்லைன்ட்னு ஒரு வழி இருக்கு, 3 வருஷ ரிட்டர்ன், 6 வருஷ எஃப்பார் (வெளிநாட்டு பேங்க் அக்கவுன்ட் கணக்கு).

இப்ப டொமிசைல், அதாவது உங்க நிரந்தர குடியிருப்பு எங்கங்கறது. என்ன கேட்டா காசைவிட இதுலதான் சிங்கப்பூர்க்காரங்க அதிகமா மாட்டறாங்க. ஸ்பான்சர் அமெரிக்காவுல குடியிருக்கணும், இல்ல மனைவி உள்ள நுழையறதுக்குள்ள அங்க போய் குடியேறப் போறேன்னு காட்டணும். அவள மொதல்ல அனுப்பிட்டு நான் ஆறு மாசம் கழிச்சு வரேன்ங்கற கதை எடுபடாது, முன்னாடியே போகணும் இல்ல கூடவே போகணும். அங்க ஓடிட்டு இருக்கற பேங்க் அக்கவுன்ட், டிரைவிங் லைசென்ஸ், ஓட்டு ரெஜிஸ்ட்ரேஷன், வேலைக்கு அப்ளை பண்ண மெயில், அப்பா அம்மா வீட்ல தங்கப் போறீங்கன்னா அவங்க லெட்டர், புள்ளைக்கு ஸ்கூல் சேர்க்கை, இங்க வாடகை வீட்ட காலி பண்ற நோட்டீஸ், சாமான் அனுப்ப வாங்கின கொட்டேஷன், இதுல எது எது இருக்கோ எல்லாத்தையும் சேருங்க.

சம்பளம், சொத்து எதுவும் தேறலன்னா ஜாயின்ட் ஸ்பான்சர், அதாவது உங்களோட சேந்து பொறுப்பேத்துக்கற இன்னொருத்தர். சொந்தக்காரரா இருக்கணும்னு இல்ல, 18 வயசு முடிஞ்ச சிட்டிசனோ கிரீன் கார்டுக்காரரோ அமெரிக்காவுல குடியிருந்தா போதும். எச்-1பி வேலை விசாவுல இருக்கற அண்ணன் எத்தன லட்சம் வாங்கினாலும் முடியாது. நியூ ஜெர்சி மாமா வீட்ல நாலு பேர்னா உங்க மனைவியோட அஞ்சு, 2025 கணக்குப்படி அவர் 47,062 டாலர் காட்டணும், அவர் சம்பளம் பத்தலன்னா அத்தை வருமானத்த ஐ-864ஏ போட்டு சேத்துக்கலாம். மாமா போட்டாலும் நீங்களும் உங்க ஐ-864ஐ போட்டே ஆகணும், உங்க டொமிசைல் ஓட்டைய அவரால அடைக்க முடியாது.

மாமாகிட்ட கேக்கும்போது முழுசா சொல்லிட்டு கேளுங்க. "ஒரு கையெழுத்துதான் மாமா"ன்னு சொல்றது தப்பு. மனைவி சிட்டிசன் ஆகற வரைக்கும், இல்ல 40 குவார்ட்டர் வேலைக்கணக்கு சேர்ற வரைக்கும், அது சுமாரா 10 வருஷ வேலை, அந்த ஒப்பந்தம் உயிரோட இருக்கும், டிவோர்ஸ் ஆனாலும் விடாது. அதுக்கு மேல அவர் டாக்ஸ் ரிட்டர்ன நம்ம கையில குடுக்கணும், நம்ம குடும்பங்கள்ல சம்பளத்த வெளிய சொல்றதுக்கே யோசிப்பாங்க, அதனால அவரே நேரா ஸ்கேன் பண்ணி அனுப்பற மாதிரி வச்சுக்கிட்டா ரெண்டு பேருக்கும் சங்கடம் இல்ல.

என்விசி (பேப்பர் சரிபாக்கற அமெரிக்க நேஷனல் விசா சென்டர்) போர்ட்டல்ல ஏத்தறதுக்கு முன்னாடி கையெழுத்து, தேதி, ஃபார்மோட எடிஷன் மூணையும் ஒரு தடவ பாருங்க, கையெழுத்து இல்லாம போய் திரும்பி வர்ற கேஸ் நெறைய. ஐ-864 கட்டணம் 120 டாலர், விசா விண்ணப்பம் 325 டாலர், ரெண்டும் தனித்தனி. எல்லாம் சரின்னு மெயில் வந்தப்பறம் நேப்பியர் ரோடு எம்பசியில இன்டர்வியூ, அதுக்குள்ள வருஷம் மாறிடுச்சுன்னா புது டிரான்ஸ்கிரிப்ட், புது பேங்க் ஸ்டேட்மென்ட், புது சம்பள லெட்டர் எடுத்துட்டுப் போங்க. அங்க போய் வீடு மாறினா 30 நாளுக்குள்ள அட்ரஸ் மாறினத சொல்ற ஐ-865 ஃபார்ம் போடணும், நீங்களும் சரி, ஜாயின்ட் ஸ்பான்சர் மாமாவும் சரி.